நாடாக் கமராவில் ஒளிப்பதிவின் அடிப்படைகள்: கரைவலை ஒரு செய்முறைக் களம்

தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் – செய்முறை அலகு

இவ்வலகைக் கற்ற பின் நீங்கள் பெறும் தேர்ச்சிகள்:

• நாடாவில் காட்சியும் ஒலியும் பதியும் முறையை விளக்குதல்
• பதிவுக்கு முன்னர் ஷொட் பட்டியல் ஒன்றைத் தயாரித்தல்
• ஒளி, ஒலி, திசை என்பவற்றைக் கவனித்துப் பதிவு செய்தல்
• பதிவான நாடாவைப் பெயரிட்டு, பாதுகாத்து, கணினிக்கு மாற்றுதல்
• பதிவு செய்பவர் பின்பற்றவேண்டிய ஒழுக்கநெறிகளைக் குறிப்பிடுதல்

1. அறிமுகம்



இன்று உங்களுள் பலர் கையடக்கத் தொலைபேசியால் வீடியோ எடுக்கின்றீர்கள். பிடிக்காததை அழிக்கலாம், மீண்டும் எடுக்கலாம். நாடாக் கமராவில் இந்த வசதி குறைவு. நாடா ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே கோடாக ஓடுகிறது. ஒரு கசெற்றில் 60 நிமிடம் என்றால் 60 நிமிடமே. முன்னர் எடுத்ததன் மேல் மறுபடி பதிந்தால் பழையது அழிந்துவிடும். ஆகவே எதை, எங்கிருந்து, எவ்வளவு நேரம் எடுப்பது என்பதைச் சிவப்புப் பொத்தானை அழுத்துவதற்கு முன்னரே தீர்மானிக்கவேண்டும். இந்த அலகில் வரும் விதிகள் பலவற்றுக்கும் அடிப்படைக் காரணம் இதுவேயாகும். இதனை விளங்கிக்கொண்டால் விதிகளை மனனம் செய்யவேண்டிய தேவை இராது.

நாடாக் கமராக்கள் இப்போது புதிதாக உற்பத்தி செய்யப்படுவதில்லை. ஆயினும் இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் பதிவான கல்யாண வீடுகள், கோயில் திருவிழாக்கள், பாடசாலை விளையாட்டுப் போட்டிகள் என்பன இன்னும் வீட்டு அலுமாரிகளில் கசெற்றுகளாகவே கிடக்கின்றன. அவற்றைக் கையாளவும், கையில் எந்தக் கமரா இருந்தாலும் அளந்து பதிவு செய்யப் பழகவும் இவ்வலகு உதவும்.

எமது செய்முறைக் களம் திருகோணமலை உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளில் இழுக்கப்படும் கரைவலை. வலை ஒருமுறைதான் கரைக்கு வரும். நீங்கள் காட்சியைத் தவறவிட்டீர்கள் என்பதற்காக எவரும் அதை மீண்டும் கடலில் விடமாட்டார்கள். நாடாவும் திரும்பாது, நிகழ்வும் திரும்பாது. எனவே பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது.

2. நாடாவில் காட்சி பதிவது எவ்வாறு?

வில்லையினூடாக வரும் ஒளியைக் கமராவினுள் இருக்கும் உணரி மின் சமிக்ஞையாக மாற்றுகிறது. அச்சமிக்ஞையை, வேகமாகச் சுழலும் உருளை ஒன்றில் பொருத்தப்பட்ட பதிவுத் தலைகள் காந்தக் கோடுகளாக நாடாவில் எழுதுகின்றன. நாடா உருளையைச் சாய்வாகச் சுற்றிச் செல்வதால் கோடுகளும் நாடாவின் குறுக்கே சாய்வாக அமைகின்றன.

நாடா வகைகள் சில:

• வீஎச்எஸ்-சி: 1982 இல் அறிமுகம். நாடாவின் அகலம் 12.7 மில்லிமீற்றர்.
• வீடியோ 8: 1980களின் நடுப்பகுதியில் அறிமுகம். அகலம் 8 மில்லிமீற்றர்.
• ஹை 8: 1989 இல் அறிமுகம். அதே 8 மில்லிமீற்றர் அகலம். படத்தின் தெளிவு கூடியது.
• மினி டீவீ: 1995 இல் அறிமுகம். அகலம் 6.35 மில்லிமீற்றர். இலக்கமுறைப் பதிவு.
• டிஜிற்றல் 8: 1999 இல் அறிமுகம். 8 மில்லிமீற்றர் நாடாவில் இலக்கமுறைப் பதிவு.

மினி டீவீ கமராவை எடுத்துக்கொண்டு ஒரு கணிப்பைச் செய்து பார்ப்போம்.

உருளை நிமிடத்துக்கு 9000 தடவை சுழலும். அப்படியாயின் செக்கனுக்கு 9000 ÷ 60 = 150 தடவை. உருளையில் இரண்டு பதிவுத் தலைகள் உள்ளன. எனவே செக்கனுக்கு 150 × 2 = 300 கோடுகள் எழுதப்படும். இலங்கைத் தொலைக்காட்சி முறைமையில் ஒரு செக்கனில் 25 சட்டகங்கள் உள்ளன. ஆகவே ஒரு சட்டகத்துக்கு 300 ÷ 25 = 12 கோடுகள்.

சாதாரண வேகத்தில் ஒரு கோட்டின் அகலம் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு மாத்திரமே. கடற்கரை மணலின் ஒரு துகள் அதைவிடப் பல மடங்கு பெரிது. கசெற் மூடியைக் கடற்கரையில் திறந்து வைக்கக்கூடாது என்று ஆசிரியர் கண்டிப்பதன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும்.

நீள்பதிவு முறையைத் தெரிவு செய்தால் 60 நிமிட நாடாவில் 90 நிமிடம் பதியலாம். ஆனால் கோடுகள் மேலும் ஒடுங்குவதால் படத்தில் சதுரச் சிதைவுகள் தோன்றும் வாய்ப்புக் கூடும். ஒரு கமராவில் அவ்வாறு பதிந்ததை வேறொரு கமரா சரியாக வாசிக்காமலும் விடலாம். முக்கியமான பதிவுகளுக்குச் சாதாரண வேகத்தையே பயன்படுத்துக.

3. பதிவுக்கு முன்னர்

3.1 கருவிகளைச் சரிபார்த்தல்

• பற்றரி: முதல் நாள் இரவே முழுமையாக மின்னேற்றுக. மேலதிக பற்றரி ஒன்று இருத்தல் நல்லது. திரையை விரித்து வைத்தால் பற்றரி விரைவில் தீரும். காட்சிகளுக்கு இடையே திரையை மூடி, கண் வைத்துப் பார்க்கும் துளையைப் பயன்படுத்துக.
• நாடா: புதிய நாடாவை ஒருமுறை முழுவதும் முன்னோக்கி ஓட்டிப் பின் மீளச் சுற்றுக. இதனால் நாடாவின் இறுக்கம் சீராகும்.
• நாடாவின் ஆரம்பம்: முதல் 30 செக்கன் அளவில் வில்லை மூடியுடன் வெறுமனே பதியவிடுக. நாடாவின் முனைப்பகுதியே விரைவில் பழுதடையும். அங்கு முக்கியக் காட்சி இருக்கக்கூடாது.
• திகதியும் நேரமும்: கமராவின் கடிகாரத்தைச் சரிசெய்க. பிற்காலத்தில் இக்காட்சி எந்த நாளுக்குரியது என்பதைச் சொல்வது இதுவே.
• பாதுகாப்பு: கடற்கரைக்குச் செல்லும்போது கமராவைப் பிளாஸ்ரிக் பையொன்றினுள் வைத்து, வில்லைக்கு மட்டும் துளையிட்டுப் பயன்படுத்தலாம். உப்புநீர்த் துமி கமராவின் உட்பகுதிகளை அரிக்கும்.

குளிரூட்டிய அறையிலிருந்து கமராவை நேரே வெப்பமான வெளியிடத்துக்குக் கொண்டுசென்றால் உருளையில் நீர்த்துளி படியும். ஈரமான உருளையில் நாடா ஒட்டிச் சிக்கிவிடும். இந்நிலையில் பல கமராக்கள் ஈரப்பதன் எச்சரிக்கையைக் காட்டி இயங்க மறுக்கும். கமராவைப் பையினுள் மூடியபடியே வெளிவெப்பத்துக்குப் பழகவிட்டு, ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தின் பின் திறப்பது நல்லது.

3.2 ஷொட் பட்டியல்

கரைவலை ஒன்று விடப்பட்டு, இழுக்கப்பட்டு, மடி கரையேற இரண்டு மூன்று மணித்தியாலம் செல்லும். உங்களிடம் உள்ளதோ 60 நிமிட நாடா ஒன்று, ஒன்றரை மணித்தியாலம் தாங்கும் பற்றரி ஒன்று. எல்லாவற்றையும் எடுக்க முயன்றால் மடி கரைக்கு வரும் வேளையில் நாடாவோ பற்றரியோ தீர்ந்திருக்கும். ஆகவே முன்னதாகவே ஒரு பட்டியல் தயாரிக்கவேண்டும். மாதிரி ஒன்று கீழே தரப்படுகிறது.

1. கடற்கரையும் வள்ளமும் – தூரக்காட்சி – 20 செக்கன்
2. வலையைப் படிப்படியாக விட்டுச்செல்லும் வள்ளம் – தூரக்காட்சி – 2 நிமிடம்
3. கயிறு இழுக்கும் இரு அணிகளும் – தூரக்காட்சி – 1 நிமிடம்
4. ஓர் அணியின் இழுவை – நடுத்தரக்காட்சி – 2 நிமிடம்
5. கயிற்றைப் பற்றிய கைகள் – அண்மைக்காட்சி – 20 செக்கன்
6. மணலில் ஊன்றும் கால்கள் – அண்மைக்காட்சி – 20 செக்கன்
7. முகங்கள் – அண்மைக்காட்சி – ஒவ்வொன்றும் 15 செக்கன்
8. அம்பாப் பாடல் பாடப்பட்டால் – நடுத்தரக்காட்சி – ஆரம்பம் முதல் முடிவு வரை, இடைநிறுத்தாமல்
9. மடி கரையேறல் – தூரக்காட்சியும் அண்மைக்காட்சியும் – 5 நிமிடம்
10. மீன் தரம் பிரித்தலும் விற்பனையும் – நடுத்தரக்காட்சி – 3 நிமிடம்
11. வலையை உலர்த்தலும் வெறுமையான கரையும் – தூரக்காட்சி – 20 செக்கன்

பாடலைத் தவிர்த்து இவற்றின் கூட்டுத்தொகை ஏறத்தாழ 15 நிமிடமே. எஞ்சிய நாடா எதிர்பாராத காட்சிகளுக்கும் நேர்காணலுக்கும் உரியது.

எட்டாவது இலக்கத்தை மீண்டும் கவனியுங்கள். கடலோர மக்கள் தொழில் செய்யும்போது பாடுவது அம்பாப் பாடல். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து பாடி, அந்தத் தாளத்துக்கு இழுப்பர். சில கரைகளில் உழவு இயந்திரத்தில் பொருத்திய சுழலியால் கயிறு இழுக்கும் வழக்கம் வந்தபோது பாடலின் தேவை குறைந்தது. கையால் இழுக்கும்போதே அம்பாவுக்கு வேலை உண்டு. எனவே ஒரு முதியவர் பாடத் தொடங்கினால் பட்டியலில் உள்ள மற்றவற்றை விட்டுவிட்டு அதனைப் பதிவு செய்க. கைகளையும் கால்களையும் நாளைக்கும் எடுக்கலாம்.

4. பதிவின்போது

4.1 தொடக்கமும் முடிவும்

பொத்தானை அழுத்தியவுடன் நாடா உடனே சீரான வேகத்தை அடைவதில்லை. பின்னர் கணினிக்கு மாற்றும்போதும் காட்சிக்கு முன்னால் சில செக்கன் நாடா இருக்கவேண்டும். ஆகவே செயல் தொடங்குவதற்கு 5 முதல் 10 செக்கன் முன்னதாக அழுத்துக. செயல் முடிந்து 5 செக்கன் கழிந்த பின் நிறுத்துக. எந்தக் காட்சியையும் 10 செக்கனுக்குக் குறையாமல் எடுக்கவும். மனதுக்குள் பத்து வரை எண்ணுவது இலகுவான வழி.

இடைநிறுத்தத்தில் சில நிமிடங்கள் இருந்தால் நாடாவையும் தலைகளையும் பாதுகாப்பதற்காகக் கமரா தானாகவே நின்றுவிடும். காத்திருக்கும்போது இதனை அடிக்கடி பார்த்துக்கொள்க.

4.2 நேரக்குறி இடைவெளி

மினி டீவீ நாடாவில் ஒவ்வொரு சட்டகத்துக்கும் மணி, நிமிடம், செக்கன், சட்டகம் என நேரக்குறி பதியும். எடுத்ததைப் பார்ப்பதற்காக நாடாவை ஓட்டிவிட்டு, வெற்று நாடாப் பகுதியிலிருந்து மீண்டும் பதியத் தொடங்கினால் நேரக்குறி சுழியத்திலிருந்து ஆரம்பமாகும். ஒரே நாடாவில் ஒரே குறி இரு இடங்களில் வரும். கணினி காட்சியைத் தேடும்போது தடுமாறும். இதனைத் தவிர்க்க, முந்திய பதிவின் கடைசிச் சில செக்கன்களின் மேல் சற்று மேற்படியுமாறு புதிய பதிவைத் தொடங்குக. பதிவின் முடிவைத் தேடும் பொத்தான் பல கமராக்களில் உண்டு.

4.3 கமராவை நிலைப்படுத்தல்

முக்காலி இருந்தால் பயன்படுத்துக. மணலில் முக்காலியின் கால்கள் புதையாதிருக்க ஒவ்வொன்றின் கீழும் சிறு பலகைத் துண்டு வைக்கலாம். முக்காலி இல்லையெனில் இரு முழங்கைகளையும் விலாவுடன் அழுத்தி, கால்களை அகட்டி நின்று, மூச்சைச் சீராக விட்டபடி எடுக்கவும்.

சூம் செய்வதைக் குறைக்கவும். தூரத்திலிருந்து சூம் செய்தால் சிறு கைநடுக்கமும் திரையில் பெரிதாகத் தெரியும். அண்மைக்காட்சி தேவையாயின் பதிவை நிறுத்தி, நடந்து கிட்டச் சென்று, மீண்டும் பதிவு செய்க. பக்கவாட்டாகக் கமராவைத் திருப்பும்போது தொடக்கத்திலும் முடிவிலும் சில செக்கன் அசையாமல் வைத்திருக்கவும். எடுத்த திசையிலேயே மீண்டும் திரும்பி வரக்கூடாது.

4.4 ஒளி

திருகோணமலை நகரின் இட அமைப்பு ஒளியைக் கற்பதற்கு நல்லதொரு உதாரணம். நகரின் கிழக்குப் பக்கத்தில் டச்சுக் குடா. தென்மேற்குப் பக்கத்தில் உள்துறைமுகம். காலையில் டச்சுக் குடாக் கரையில் நின்று கடலைப் பார்த்தால் சூரியன் உங்கள் கண்ணுக்கு நேரே இருக்கும். கடலுக்கு முன் நிற்பவரின் முகம் கறுத்துவிடும். அதே வேளையில் உள்துறைமுக வீதியில் நின்று துறைமுகத்தைப் பார்த்தால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். படகுகள் தெளிவாகத் தெரியும். மாலையில் இந்த நிலை மறுதலையாகும்.

உப்புவெளிக் கரையும் கிழக்கு நோக்கியது. காலைக் கரைவலையை எடுக்கும்போது தரைப்பக்கத்தில் நின்று கடலை நோக்கி எடுத்தால் மனிதர்கள் நிழலுருவாகவே வருவர். கயிறு இழுப்பவர்கள் கடலைப் பார்த்தபடி பின்னோக்கி நடப்பதால் அவர்களது முகங்களில் காலை வெயில் நேரே விழும். எனவே அலை வந்து தொடும் விளிம்புக்குச் சற்று மேலே, கடலுக்கு முதுகு காட்டி நின்றால் முகங்கள் தெளிவாகப் பதியும். அலையைக் கவனிப்பதற்கு நண்பர் ஒருவரை அருகில் நிறுத்திக்கொள்க.

நண்பகல் வெயில் நல்லதல்ல. திருகோணமலை வடக்கு அகலாங்கு ஏறத்தாழ 8.5 பாகையில் இருப்பதால் ஏப்பிரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ற் இறுதியிலும் நண்பகற் சூரியன் கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும். கண்குழிகளில் கருநிழல் விழும். காலை 9 மணிக்கு முன்னரும் மாலை 4 மணிக்குப் பின்னரும் எடுப்பது சிறந்தது.

வெண்சமநிலை: வெயில், எண்ணெய் விளக்கு, மின்குமிழ் என்பன வெவ்வேறு நிறச்சாயல் கொண்டவை. ஒளி மாறும் ஒவ்வொரு முறையும் வெள்ளைத் தாள் ஒன்றைச் சட்டகம் நிறையக் காட்டி வெண்சமநிலையைச் சரிசெய்க.

4.5 ஒலி

கடற்கரையில் எடுத்த வீடியோக்களில் பெரும்பாலும் கெடுவது ஒலியே. கச்சான் வீசும் மாதங்களில் கமராவின் உள்ளிருக்கும் ஒலிவாங்கி காற்றின் இரைச்சலையே முதன்மையாகப் பதியும்.

• காற்றுக்கு முதுகு காட்டி நிற்க. உங்கள் உடலே தடுப்பாகும்.
• ஒலிவாங்கியின் மேல் பஞ்சுறை இடுக.
• பேசுபவருக்கு ஒரு மீற்றருக்குள் செல்க.
• ஹெட்போன் அணிந்து கேட்டபடியே பதிவு செய்க.
• எவரும் பேசாத வெறும் சூழல் ஒலியை ஒரு நிமிடம் தனியாகப் பதிந்து வைக்க. தொகுக்கும்போது காட்சிகளின் இணைப்பை மறைக்க இது உதவும்.

அம்பாப் பாடலைப் பதியும்போது அடியெடுத்துக் கொடுப்பவருக்கு அருகில் நிற்கவும். மற்றவர்கள் பலர் சேர்ந்து பாடுவதால் அவர்களது குரல் தானாகவே பதியும்.

4.6 திசைக் கோடு

கயிறு இழுக்கும் அணிக்குத் தெற்கே நின்று வடக்கு நோக்கி எடுத்தால் கடல் திரையின் வலப்பக்கம் இருக்கும். இழுப்பவர்கள் இடப்பக்கமாகப் பின்னோக்கி நகர்வர். பின்னர் நீங்கள் அணிக்கு வடக்கே சென்று தெற்கு நோக்கி எடுத்தால் கடல் இடப்பக்கம் வந்துவிடும். இரு காட்சிகளையும் அடுத்தடுத்து இணைத்தால் அதே மனிதர்கள் எதிர்த்திசைக்கு இழுப்பதாகப் பார்ப்பவர் குழம்புவார். ஆகவே கயிற்றின் வழியே ஒரு கோடு இருப்பதாகக் கருதி, அதன் ஒரு பக்கத்திலேயே நின்று எடுக்கவும். இது 180 பாகை விதி எனப்படும். பக்கம் மாறவேண்டுமாயின் இடையில், கோட்டின் மேலேயே நின்று, அதாவது கடலுக்கு முதுகு காட்டி முகங்களை நேரே எடுத்த ஒரு காட்சியைச் சேர்க்கவும்.

5. பதிவுக்குப் பின்னர்

1. கசெற்றின் பின்விளிம்பில் உள்ள சிறு ஆளியைப் பாதுகாப்புப் பக்கத்துக்குத் தள்ளுக. அதன் பின் அந்த நாடாவில் தவறுதலாக மேற்பதிவு செய்ய முடியாது.
2. உடனேயே பெயர்ச்சீட்டு எழுதுக: இடம், திகதி, நிகழ்வு, பதிவு செய்தவர், நாடா இலக்கம்.
3. நாடாவை ஒருமுறை பார்த்து, நேரக்குறியுடன் காட்சி அட்டவணை எழுதுக. உதாரணம்: 00:14:20 – அம்பாப் பாடல் ஆரம்பம்.
4. பேசியவர்கள், பாடியவர்களின் பெயரையும் ஊரையும் அவர்களின் சம்மதத்துடன் குறித்து வைக்க.
5. கணினிக்கு மாற்றுக. மினி டீவீ நாடாவை பயர்வயர் இணைப்பினூடாக மாற்றினால் தரம் குறையாது. ஒரு மணித்தியாலப் பதிவுக்கு ஏறத்தாழ 13 கிகாபைற்று இடம் தேவை. நாடா ஓடும் நேரத்திலேயே மாற்றமும் நிகழும். ஒரு மணித்தியால நாடாவுக்கு ஒரு மணித்தியாலம் செல்லும்.

மூல நாடாவை ஏன் வெட்டாமல் முழுமையாக வைத்திருக்கவேண்டும்? 1991 மார்ச் 3 ஆம் திகதி அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ரொட்னி கிங் என்பவரைப் பொலிசார் தாக்குவதை, ஜோர்ஜ் ஹொலிடே என்னும் குடிமகன் தன் வீட்டு மேல்மாடத்திலிருந்து சோனி 8 மில்லிமீற்றர் நாடாக் கமராவில் பதிவு செய்தார். தொலைக்காட்சிகள் அதனை உலகெங்கும் காட்டின. ஆனால் ஆரம்பத்தில் இருந்த தெளிவற்ற சில செக்கன்கள் ஒளிபரப்பில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. நீதிமன்றத்தில் முழு நாடாவும் காட்டப்பட்டபோது அந்தச் சில செக்கன்கள் பெரும் விவாதப் பொருளாயின. தெளிவில்லை என்று நீங்கள் எண்ணும் பகுதி இன்னொருவருக்குச் சான்றாகலாம். தொகுப்பதைப் பிரதியில் செய்க, மூலத்தைத் தொடாதீர்கள்.

6. நாடாவைப் பாதுகாத்தல்

துறைமுக நகரின் ஈரக்காற்றும் உப்பும் நாடாவின் பகைவர்கள். ஈரம் பட்ட நாடாவில் பூஞ்சணம் படரும். பூஞ்சணம் பிடித்த நாடாவைக் கமராவில் இட்டால் தலைகளும் அழுக்காகி, அடுத்து இடும் நாடாவும் பாதிக்கப்படும்.

• முழுவதும் மீளச் சுற்றி, உறையினுள் இட்டு, செங்குத்தாக அடுக்குக.
• காற்றுப்புகாப் பெட்டியினுள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதியுடன் வைக்க.
• ஒலிபெருக்கி போன்ற காந்தமுள்ள பொருள்களுக்கு அருகில் வைக்கவேண்டாம்.
• வெயில் படும் இடத்திலும் வாகனத்தினுள்ளும் விடவேண்டாம்.

நாடா நன்றாக இருந்தாலும் அதனை ஓட்டும் கருவி இல்லாவிட்டால் பயனில்லை. வீஎச்எஸ் இயக்கிகளைக் கடைசியாகத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 யூலையில் உற்பத்தியை நிறுத்தியது. புதிய கணினிகள் பெரும்பாலானவற்றில் பயர்வயர் துளையும் இல்லை. எனவே வீட்டில் உள்ள கசெற்றுகளை, இயங்கும் கமரா ஒன்று கிடைக்கும்போதே மாற்றிவிடவேண்டும்.

இதன் பெறுமதியை அறியக் கிண்ணியாவை எண்ணிப் பாருங்கள். 2009 ஒக்ரோபர் 20 ஆம் திகதி 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்துவைக்கப்பட்டது. அதற்கு முன்னர் மக்களும் வாகனங்களும் பாதை எனப்படும் மிதவையில் ஏறியே கடந்தனர். பாலம் திறந்த பின் பிறந்தவர்கள் அந்தப் பயணத்தைக் கண்டதில்லை. மணப்பெண்ணுடன் பாதையில் கடந்த கல்யாண ஊர்வலம் ஒன்று எவருடைய வீட்டுக் கசெற்றிலாவது பதிந்திருக்கலாம். அதை எடுத்தவர் வரலாற்றைப் பதிவதாக அன்று எண்ணியிருக்கமாட்டார். இன்று அது வரலாறு. அது பூஞ்சணம் பிடித்தால் மீண்டும் எடுக்கப் பாதை இல்லை.

7. ஒழுக்கநெறியும் பாதுகாப்பும்

• ஒருவரைப் பதிவு செய்யமுன் அனுமதி பெறுக. கரைவலையில் முதலில் உரிமையாளரிடமும் பின்னர் தொழிலாளரிடமும் கேட்கவேண்டும். பாடுபவரிடம் பாடலை எதற்குப் பயன்படுத்தப் போகின்றீர்கள் என்பதைச் சொல்லவேண்டும்.
• கடற்படைத் தளம், பிரெட்ரிக் கோட்டையினுள் உள்ள இராணுவப் பகுதி போன்ற இடங்களை அனுமதியின்றிப் பதிவு செய்யக்கூடாது.
• கோணேசர் கோயில் முதலிய வழிபாட்டிடங்களில் உட்பகுதியைப் பதிவு செய்யமுன் பொறுப்பானவர்களிடம் கேட்கவேண்டும்.
• துயரத்தில் இருப்பவரின் முகத்தை அண்மைக்காட்சியாக எடுப்பதற்கு முன், அது உங்கள் வீட்டாரின் முகமாயின் எடுப்பீர்களா என்று சிந்திக்கவும்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமியின் காட்சிகளாக உலகத் தொலைக்காட்சிகளில் வந்தவற்றுள் பெரும்பகுதி சாதாரண மக்களும் சுற்றுலாப் பயணிகளும் தமது கமராக்களில் பதிந்தவை. அவை அலையின் இயல்பை விஞ்ஞானிகள் ஆராயவும் உதவின. ஆயினும் மாணவராகிய நீங்கள் நினைவிற் கொள்ளவேண்டியது ஒன்று. கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினாலோ பொங்கினாலோ பதிவை விட்டுவிட்டு மேட்டு நிலத்துக்கு ஓடவேண்டும். கடலில் ஒருவர் தத்தளித்தால் கமராவைக் கீழே வைத்துவிட்டு உதவிக்கு ஆள் அழைக்கவேண்டும். உயிருக்கு அடுத்ததுதான் பதிவு.

8. மாதிரி வினாக்கள்

பகுதி I – மிகப் பொருத்தமான விடையைத் தெரிவு செய்க.

1. மினி டீவீ நாடாவின் அகலம்
(1) 6.35 மில்லிமீற்றர் (2) 8 மில்லிமீற்றர் (3) 12.7 மில்லிமீற்றர் (4) 35 மில்லிமீற்றர்

2. ஒரு செக்கனில் 25 சட்டகங்கள் வீதம் 60 நிமிட நாடாவில் பதியும் சட்டகங்களின் எண்ணிக்கை
(1) 1500 (2) 9000 (3) 36 000 (4) 90 000

3. வெற்று நாடாப் பகுதியிலிருந்து பதிவைத் தொடங்குவதால் ஏற்படும் விளைவு
(1) நிறம் மாறுதல் (2) நேரக்குறி மீண்டும் சுழியத்திலிருந்து ஆரம்பித்தல் (3) ஒலி பதியாமை (4) பற்றரி தீர்தல்

4. காலை 7 மணிக்கு டச்சுக் குடாக் கரையில் ஒருவரின் முகத்தைத் தெளிவாகப் பதிவதற்கு அவர் பார்க்கவேண்டிய திசை
(1) தரைப்பக்கம் (2) கடற்பக்கம் (3) நிலத்தை நோக்கி (4) எத்திசையாயினும் வேறுபாடில்லை

விடைகள்: 1 – (1); 2 – (4); 3 – (2); 4 – (2)

பகுதி II – அமைப்புக் கட்டுரை

நீர் கரைவலைத் தொழிலைப் பற்றிய விவரணப் பதிவு ஒன்றைத் தயாரிக்கவுள்ளீர். உம்மிடம் 60 நிமிட நாடா ஒன்றும் பற்றரி ஒன்றும் மாத்திரமே உள்ளன. வலை கரையேற மூன்று மணித்தியாலம் செல்லும்.

(அ) பதிவுக்கு முன்னர் நீர் செய்யும் ஆயத்தங்கள் மூன்றைக் குறிப்பிடுக. (3 புள்ளிகள்)
(ஆ) 180 பாகை விதியைக் கரைவலை உதாரணத்துடன் விளக்குக. (4 புள்ளிகள்)
(இ) பதிவின் நடுவே முதியவர் ஒருவர் அம்பாப் பாடத் தொடங்குகிறார். நாடாவில் 12 நிமிடமே எஞ்சியுள்ளது. மடி இன்னும் கரையேறவில்லை. உமது தீர்மானத்தைக் காரணத்துடன் கூறுக. (5 புள்ளிகள்)

(இ) பகுதிக்கான விடைக் குறிப்பு: இவ்வினாவுக்கு ஒரே சரியான விடை என்பதில்லை. தீர்மானமும் அதற்கான காரணமும் பொருந்தவேண்டும். உதாரணமாக: "பாடலை இடைநிறுத்தாமல் பதிவு செய்வேன். மடி கரையேறலுக்குக் குறைந்தது 4 நிமிடத்தை ஒதுக்கி வைப்பேன். நாடா 8 நிமிடத்துக்கு மேல் பாடலுக்குச் செலவாகுமாயின், கரையேறும் காட்சியை நண்பரின் கைத்தொலைபேசியில் பதிவு செய்யச் சொல்வேன். மடி கரையேறுவதை இன்னொரு நாளும் பதிவு செய்யலாம். இப்பாடலை மீண்டும் பாட இவர் கிடைப்பார் என்பது நிச்சயமில்லை." மடி கரையேறலுக்கு முதலிடம் கொடுத்து, பாடலின் பிற்பகுதியை ஒலிப்பதிவாக மட்டும் எடுப்பேன் என எழுதும் மாணவரும் காரணம் பொருந்தினால் முழுப் புள்ளி பெறலாம். "இரண்டையும் எடுப்பேன்" என்று மட்டும் எழுதி, நேரத்தைக் கணக்கிடாமல் விடுவது போதிய விடையாகாது.

9. செயற்பாடு

உங்கள் வீட்டிலோ அயலிலோ உள்ள பழைய வீடியோ கசெற் ஒன்றைத் தேடி எடுக்கவும். அதன் வகை, அகலம், பெயர்ச்சீட்டில் உள்ள விபரம், பூஞ்சணம் உள்ளதா என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக. பூஞ்சணம் தென்பட்டால் அதனை ஓட்டிப் பார்க்கவேண்டாம். கசெற்றில் இருப்பது என்னவென்று வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் கேட்டு, அவர் சொல்வதைப் பெயர், இடம், ஆண்டு என்பவற்றுடன் ஒரு பக்கத்தில் எழுதி கசெற்றுடன் சேர்த்து வைக்கவும். நாடா ஓடாமற் போனாலும் அந்த ஒரு பக்கம் எஞ்சும்.